குளச்சல் ஐஸ், மணவாளக்குறிச்சி கருமணல்: 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், பல வருடப் புழக்கத்தில்

கேனான் இஎஃப் 100 மி.மீ. எஃப்/2.8 எல் மேக்ரோ, அதாவது சின்னப் பொருளை மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ், 2009-இல் வந்த மாடல். பூவும் பூச்சியும் எடுக்கத்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். நான் எடுப்பது பெரும்பாலும் ஐஸ், மணல், பாறை, உப்பு இவற்றில் தானாக விழுந்திருக்கும் கோலங்களை, அதுவும் பார்க்கிறவருக்கு இன்ன பொருள் என்று சட்டெனப் பிடிபடாதபடி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐஸுக்கு எங்கே போவது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பைக்கால் ஏரியும் லடாக் ஆறும் உறைவது போல இங்கே எதுவும் உறையாது, சரி. ஆனால் குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று துறைமுகம் துறைமுகமாக மீனுக்கான ஐஸ் பார் வந்து இறங்குகிறதே! ஐஸ் கம்பெனியில் தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளைக் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் இறக்குவார்கள், தண்ணீர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உறையும், உறைய உறையத் தன்னில் கரைந்திருந்த காற்றையும் உப்பையும் உள்ளே தள்ளிக்கொண்டே போகும். பாரின் ஓரம் தெளிவாகவும் நடு வெள்ளையாகவும் இருப்பது அதனால்தான். எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த விரற்கடை அகலம். அங்கே காற்றுக்குமிழிகள் ஊசி ஊசியாக நீண்டு, எல்லாம் நடுவைப் பார்த்து நிற்கும். சில ஊசிகள் பாதியில் அறுந்து, அதே கோட்டில் புள்ளிகளாகத் தொடரும்.

விடிந்ததும் சாய்ந்த வெயில் பின்பக்கமிருந்து வரும்படி உட்கார்ந்தால் போதும். உடைத்த துண்டின் முகம் முதலில் சொரசொரப்பாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் மேலே உருகிய நீர் படிந்து உள்ளே தெளிவாகத் தெரியும், அப்புறம் சொட்ட ஆரம்பித்துவிடும். அந்த இடைவெளிக்குள் எடுத்துவிட வேண்டும். "என்னத்துக்கு மக்கா ஐஸைப் போய் போட்டோ எடுக்கிய?" என்று கேட்ட ஐஸ் இறக்கும் அண்ணனுக்குத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். இப்போது நல்ல துண்டு உடைந்தால் அவரே கூப்பிட்டுக் கொடுக்கிறார். மீன்பிடித் தடைக்காலத்திலும் ஐஸுக்கு வழி உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் நின்றால் மே முடியக் குளச்சலில் ஓடும், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குளச்சலில் நின்றால் ஜூன் பாதிக்கு மேல் சின்னமுட்டம் இருக்கிறது.

மணலுக்கு மணவாளக்குறிச்சி. இல்மனைட் என்ற கறுப்புத் தாது கனம், சாதாரண மணல் லேசு, கார்னெட் என்ற சிவப்புத் தாது இரண்டுக்கும் இடையில். அலை திரும்பும்போது லேசானதை இழுத்துப் போய்விட, கறுப்பும் சிவப்பும் வரி வரியாகத் தங்கும். ஈர மணல் வானத்தைப் பளபளவென்று காட்டும், அதை அடக்க லென்ஸ் முன்னால் மாட்டும் 67 மி.மீ. ஃபில்டர் கண்ணாடியான போலரைசர் அவசியம். தண்ணீர்ப் பரப்புக்கு ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்த்தால்தான் பளபளப்பு முழுக்க அடங்கும், நேர் மேலிருந்து பார்த்தால் போலரைசரால் பயனே இல்லை. ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), அது பரவாயில்லை. சொல்லப்போனால் என் படங்களில் பாதி வேலை இந்தப் போலரைசர் செய்ததுதான்.

மழை நாளில் வீட்டிலேயே எடுக்கலாம். எல்சிடி மானிட்டரை மல்லாக்கப் படுக்கவைத்து, திரை முழுதும் வெள்ளையாக்கி, மேலே கண்ணாடித் தட்டு வைத்து, ஃப்ரிட்ஜில் உறைந்த மெல்லிய ஐஸ் வில்லையை அதில் வையுங்கள். போலரைசரைத் திருப்பத் திருப்பத் திரை இருண்டு போகும், ஐஸ் மட்டும் ஊதாவும் மஞ்சளும் நீலமுமாக எழும்பும், ஒவ்வொரு படிகமும் தனித்தனி நிறத்தில். ஐஸ் படிகம் ஒளியை இரண்டாகப் பிரிப்பதால் வருகிற நிறம் இது, சாயம் எதுவும் வேண்டாம். முதல் தடவை பார்த்தபோது கேமராவை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குறைகள். முழு அளவு நெருக்கத்தில், அதாவது பொருள் சென்சாரில் தன் உண்மையான அளவிலேயே விழும் 1:1-இல், லென்ஸ் துவாரத்தை எஃப்/11 அளவுக்குச் சுருக்கினாலும் கூர்மை நிற்பது ஒரு மில்லிமீட்டர் சுற்றித்தான், அதற்கு மேல் சுருக்கினால் படம் பூசினாற்போல் ஆகும். நடுக்கத் தடுப்பு சாதாரண தூரத்தில் 4 ஸ்டாப் என்பார்கள், 1:1-இல் அது 2 ஸ்டாப்தான், ஆகவே ட்ரைபாட் வேண்டும். ஆட்டோஃபோகஸ் ஐஸில் அலையும், அதை அணைத்துவிட்டுக் கேமராவையே முன்பின் நகர்த்துவதுதான் வசதி. 625 கிராம் எடையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

பராமரிப்பில் அலட்சியம் கூடாது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, போதாததற்கு உப்புக்காற்று. கடற்கரையிலிருந்து வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன். ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் நின்றால் பூஞ்சை பயமில்லை. பின்புற ரப்பர் வளையம் இன்னும் நன்றாக இருக்கிறது, உள்ளே தூசி இல்லை.

புதிதாக வாங்குகிறவர், ட்ரைபாடில் மட்டும் எடுப்பதென்றால், நடுக்கத் தடுப்பு இல்லாத பழைய 100 மி.மீ. யூஎஸ்எம் மேக்ரோவைப் பழைய சாமானாகத் தேடலாம். அதுவும் 1:1 போகும், ஃபில்டர் மட்டும் 58 மி.மீ. கேனான் மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவருக்கு 2021-இல் வந்த ஆர்எஃப் 100 மி.மீ. மேக்ரோ 1.4 மடங்கு வரை போகும், குமிழி ஊசிகளுக்கு அந்தக் கூடுதல் நெருக்கம் உண்மையிலேயே உதவும்.