கொடையா, கடன் தள்ளுபடியா, சந்தையா: ஏழை நாடுகள் எதை முதலில் கேட்பது?

பேச்சுவார்த்தை மேசையில் ஏழை நாடுகளுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அவை கொண்டுபோகும் பட்டியலோ நீளம்: கூடுதல் நிதியுதவி, கடன் தள்ளுபடி, தீர்வை (இறக்குமதி வரி) இல்லாத ஏற்றுமதி, வரி விதிகளை எழுதும் இடத்தில் ஒரு நாற்காலி. 2002இல் மெக்சிகோவின் மான்டெரே தொடங்கி 2025இல் ஸ்பெயினின் செவில் வரை நடந்த நான்கு ஐ.நா. வளர்ச்சி நிதி மாநாடுகளிலும் இவையெல்லாம் ஏதோ ஒரு வடிவில் பேசப்பட்டன. எல்லாவற்றையும் கேட்டால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் முதலில் வைக்க வேண்டும் என்றால்? தொகையைப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது என்பேன். கொடுத்ததை எதிர்த்தரப்பு எவ்வளவு சுலபமாகப் பிடுங்கிக்கொள்ளலாம், கிடைத்த பணத்தை எதற்குச் செலவிடுவது என்று யார் சொல்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும்.

முதலில் கொடை. பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவியாகத் தர வேண்டும் என்று 1970இல் ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் போட்டது. அரை நூற்றாண்டு கடந்த பிறகு, 2023இல் எல்லாரும் சேர்ந்து எட்டியது 0.37 சதவீதம், அதாவது சுமார் 22,300 கோடி டாலர். 2024இல் அது 0.33க்கு இறங்கியது. நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க் போன்ற சில நாடுகள்தான் சொன்ன வாக்கைத் தொடர்ந்து காப்பாற்றுகின்றன. பிரிட்டன் 2015இல் 0.7ஐச் சட்டமாகவே எழுதிவைத்தது. ஆனாலும் 2021இல் 0.5 ஆகக் குறைத்துவிட்டது, 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாகவும் அறிவித்திருக்கிறது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. வாங்கும் நாட்டில் எந்தத் தவறும் நடக்க வேண்டியதில்லை. கொடுக்கும் நாட்டில் ஒரு தேர்தல் நடந்தால் போதும்.

கணக்கிலும் ஒரு சங்கதி உண்டு. தன் மண்ணுக்கு வந்துசேரும் அகதிகளுக்கு முதல் 12 மாதங்கள் ஆகும் செலவை நன்கொடை நாடு வளர்ச்சி உதவிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் மொத்த உதவியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இப்படிப் போனது. அகதிகளைப் பராமரிப்பது நல்ல காரியம்தான். ஆனால் எல்லையே தாண்டாத பணத்தை ஏழை நாட்டுக்குப் போன பணம் என்று எப்படிச் சொல்வது?

அதற்காகக் கொடையைத் தள்ளிவிட முடியாது. எச்ஐவி மருந்தும் குழந்தைகளுக்கான தடுப்பூசியும் ஆப்பிரிக்காவில் இவ்வளவு பரவலாகக் கிடைத்ததற்கு வெளிநாட்டுக் கொடைதான் முக்கியக் காரணம். போரில் நொறுங்கிப்போன தெற்கு சூடான் போன்ற நாட்டுக்குச் சந்தை வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும்?

இப்போது கடன். இதற்கு ஆப்பிரிக்க நாடான சாம்பியாவைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையின் எல்லாத் திருப்பங்களும் அங்கே நடந்திருக்கின்றன. 1996இல் தொடங்கிய கடன் நிவாரணத் திட்டத்தாலும், 2005இல் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் பணக்கார நாடுகள் ஒத்துக்கொண்ட கூடுதல் தள்ளுபடியாலும் 37 நாடுகளின் கடன் 10,000 கோடி டாலருக்கு மேல் குறைந்தது. சாம்பியாவின் வெளிக்கடன் சுமார் 700 கோடி டாலரிலிருந்து 100 கோடிக்கும் கீழே வந்தது. அடுத்து என்ன நடந்தது? 2006இல் அந்த அரசு கிராமப்புற மருத்துவ நிலையங்களில் நோயாளிகளிடம் வாங்கிவந்த கட்டணத்தை ரத்து செய்தது.

கொடையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடையென்றால் யாரோ திட்டம் எழுதி, யாரோ ஒப்புதல் தந்து, தவணை தவணையாக வர வேண்டும். கடன் தள்ளுபடியில் பணம் ஏற்கெனவே கருவூலத்தில் இருக்கிறது. வெளியே போகாமல் நிற்கிறது, அவ்வளவுதான். தள்ளிவிட்ட கடனை அடுத்த ஆண்டு வந்து மறுபடி கேட்க முடியாது. என் இரண்டு கேள்விகளிலும் தேறுவது இதுதான்.

ஓட்டை இல்லாமல் இல்லை. சாம்பியா ருமேனியாவுக்குத் தர வேண்டிய பழைய கடன் ஒன்றை ஒரு முதலீட்டு நிறுவனம் 1999இல் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கிப்போட்டது. பிறகு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. 2007இல் அதற்கு சுமார் 1.55 கோடி டாலர் தர வேண்டும் என்று முடிவானது. மற்றவர்கள் விட்டுக்கொடுத்ததால் மிஞ்சிய பணத்தில் விட்டுக்கொடுக்காதவர் ஒருவர் கை வைத்தார்.

அப்புறம் கடன் திரும்பி வந்தது. சாம்பியா 2012இல் 75 கோடி டாலருக்குப் பன்னாட்டுச் சந்தையில் கடன் பத்திரம் வெளியிட்டது, தொடர்ந்து இன்னும் பெரிய தொகைகளுக்கு வெளியிட்டது, சீனாவிடமும் நிறையக் கடன் வாங்கியது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் நின்றது. ஏழை நாடுகளின் கடனைத் திருத்தியமைக்க ஜி20 நாடுகள் அப்போதுதான் அறிவித்திருந்த பொதுச் சட்டகத்தின் கீழ் விண்ணப்பித்தது. கடன் கொடுத்த அரசுகளுடன் உடன்பாடு வந்தது 2023 ஜூனில், பத்திரம் வைத்திருந்தவர்களுடன் 2024இல். மூன்றரை ஆண்டுகள்! இலங்கைக்கு அந்த வாசலும் இல்லை. 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அது அறிவித்தபோது, நடுத்தர வருமான நாடு என்பதால் அந்தச் சட்டகத்துக்குள் வர முடியவில்லை. அதற்கு வெளியே தானே கடன் கொடுத்தவர்களிடம் போய்ப் பேசியது.

கடன் தள்ளுபடியை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது: கடன் வாங்கியவருக்குத்தான் இதில் லாபம். அளவாக வாங்கி ஒழுங்காகக் கட்டிய வங்கதேசம் 1996 திட்டத்தில் இடம்பெறவில்லை. அது முன்னேறியது வேறு வழியில்.

அந்த வழி சந்தை. ஆயுதங்களைத் தவிர எல்லாவற்றுக்கும் தீர்வை இல்லை என்று 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு வாசலைத் திறந்தது. வங்கதேசத்தின் ஏற்றுமதி வருவாயில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடைகளிலிருந்து வருகிறது. அந்த வேலை தந்த கூலி எந்த உதவித் திட்டத்தையும்விட அதிகக் குடும்பங்களின் சமையலறைக்குப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் சாவி யார் கையில்? ஆப்பிரிக்காவின் லெசோத்தோவும் அப்படித்தான் அமெரிக்கத் தீர்வைச் சலுகையை நம்பி ஆடைத் தொழிற்சாலைகளைக் கட்டியது. 2025 ஏப்ரலில் அந்தச் சிறிய நாட்டின் பொருட்களுக்கு 50 சதவீதத் தீர்வை அறிவிக்கப்பட்டது. பிறகு 15 ஆகக் குறைத்தார்கள், சரி. அதற்குள் வாங்குபவர்கள் வேறு நாடு தேட ஆரம்பித்திருந்தார்கள். பருத்தியின் கதை இன்னும் பழையது: பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்ற நான்கு நாடுகள், பணக்கார நாடுகள் தம் பருத்தி விவசாயிகளுக்குத் தரும் மானியத்தை நிறுத்தச் சொல்லி 2003இல் உலக வர்த்தக அமைப்பில் மனு கொடுத்தன. அந்த மானியப் பிரச்சினை இன்னும் முழுதாகத் தீரவில்லை.

தெற்கு நாடுகளுக்குள் நடக்கும் ஒத்துழைப்பைப் பற்றி நிறைய மேடைப் பேச்சு இருக்கிறது. இந்தியா 1964 முதல் நடத்தும் பயிற்சித் திட்டம் போன்றவை நல்லவை, ஆனால் சிறியவை. சீனக் கடன் பெரியது, வேகமானது; சாலையும் ரயில் பாதையும் கண்முன்னே எழும். ஒப்பந்த விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற ஷரத்தும் அடிக்கடி கூடவே வரும். அது கடைசியில் கடன் பக்கம்தான் போய்ச் சேர்கிறது.

நான்காவதாக வரி விதிகள். பன்னாட்டு நிறுவனங்கள் லாபத்தை எந்த நாட்டில் காட்டுவது என்பதை இதுவரை பெரும்பாலும் பணக்கார நாடுகளின் மன்றமே எழுதிவந்தது. அந்த விதிகளை ஐ.நா.வில் எல்லா நாடுகளும் சேர்ந்து எழுத வேண்டும் என்று 2023 நவம்பரில் ஆப்பிரிக்க நாடுகள் கொண்டுவந்த தீர்மானம் 125க்கு 48 என்று ஐ.நா.வில் வென்றது. 2027க்குள் உடன்படிக்கை தயாராக வேண்டும் என்பது திட்டம். தன் வரியைத் தானே வசூலிக்கும் நாட்டிடமிருந்து யாராலும் எதையும் பிடுங்க முடியாது. ஆனால் அது மெதுவான பயிர். 2020இல் சாம்பியா இருந்ததைப் போல அடுத்த மாதத் தவணைக்கே தவிக்கும் நாட்டுக்கு 2027 ரொம்பத் தூரம்.

ஆகவே என் வரிசையில் கடன் முதலில், வரி இரண்டாவது, சந்தை மூன்றாவது. கொடை கடைசி என்று அர்த்தமில்லை. அது மருந்துக்கும் போர் நொறுக்கிய நாடுகளுக்கும் என்று தனியாக ஒதுக்கப்பட வேண்டும்.

கடனில் என்ன கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். நாடு விண்ணப்பித்த நாளிலேயே எல்லாத் தவணைகளும் தானாக நிற்க வேண்டும். பத்திரம் வைத்திருப்பவர்களும் அரசுகளைப் போலவே அதே அளவு விட்டுக்கொடுக்க வேண்டும். ஏழை நாடுகளின் பத்திரங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்துச் சட்டத்துக்கோ நியூயார்க் சட்டத்துக்கோ கட்டுப்பட்டவை. எனவே இந்தக் கோரிக்கையை ஐ.நா. மேடையில் வாசிப்பதைவிட அந்த இரண்டு சட்டமன்றங்களின் வாசலுக்குக் கொண்டுபோவதுதான் வேலைக்கு ஆகும். லண்டன் ஒருமுறை செய்திருக்கிறது: சாம்பியா வழக்கு கிளப்பிய கோபத்துக்குப் பிறகு, 2010இல், பழைய நிவாரணத் திட்டத்துக்குள் வந்த கடன்களுக்கு முழுத் தொகை கேட்டு வழக்குப் போட முடியாதபடி சட்டம் வந்தது. 2012இல் வெளியான பத்திரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.