யூரோடைனமிக்ஸ் பரிசோதனை, மதுரை: சிஸ்டருக்கு முழு மார்க், நேரத்துக்கு இல்லை

மூத்திரப் பை எவ்வளவு பிடிக்கிறது, உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் இந்தப் பரிசோதனைக்கு மேலூரிலிருந்து என் ஆறு வயது மகனைக் கூட்டிப்போய் வந்தேன். குறையும் எழுதப்போவதால் இடத்தின் பெயரைப் போடவில்லை.

ஏழாம் மாத ஸ்கேனிலேயே இவனுக்கு இரண்டு கிட்னியிலும் நீர் கோத்திருப்பது தெரிந்தது. மூத்திரக் குழாயின் பின்பகுதியில் பிறவியிலேயே சவ்வு அடைப்பு. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது. பிறந்த ஒன்பதாம் நாள் உள்ளே கருவி விட்டு அந்தச் சவ்வை எடுத்தார்கள். அதோடு தீர்ந்தது என்றே இருந்தோம். ஒன்றாம் வகுப்பு போயும் டவுசர் நனைவது நிற்கவில்லை. சோம்பேறித்தனம் என்றார்கள் அவன் அப்பத்தா. நானும் இரண்டு தரம் அடித்திருக்கிறேன்.

முதலில் குறை. தண்ணீர் குடிக்கவைத்து, ஒண்ணுக்கு முட்டுகிற நிலையில் 10 மணிக்குக் கூட்டிவரச் சொன்னார்கள். கூப்பிட்டது 12.45-க்கு. இந்த வியாதிக்காரப் பிள்ளை எப்படி அடக்கும்? வராண்டாவிலேயே, அத்தனை பேர் முன்னால், "அம்மா, வந்துருச்சு" என்று என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு.

உள்ளே போனபின் எல்லாம் வேறு. முதலில் ஒரு புனலில் போகச் சொல்லி வேகத்தை அளந்தார்கள். மிச்சம் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேன். பிறகு மூத்திரப் பைக்குள் ஒரு மெல்லிய டியூப், ஆசனவாயில் ஒன்று. மரத்துப்போகும் ஜெல்லியைத் தடவிய சிஸ்டர், அது வேலை செய்யும்வரை அவசரப்படவே இல்லை. "தம்பி, ஒரு தரம் இருமுங்க" என்றார். திரையில் இரண்டு டியூபின் அழுத்தக் கோடும் எகிறிக் குதித்தன. அவனுக்கு ஒரே சிரிப்பு. வேண்டுமென்றே இன்னும் நாலு தரம் இருமினான்.

டியூப் வழியே பைக்குள் சலைன் சொட்டுச் சொட்டாக ஏறியது. வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் பை எத்தனை மில்லி பிடிக்க வேண்டும் என்று தோராயமாக வருமாம். இவனுக்கு 210. 120 மில்லி தாண்டும்போதே பைக்குள் அழுத்தம் 40 செ.மீ.க்கு (தண்ணீர் மட்டக் கணக்கு) மேல் போய்விட்டது. "முட்டுதா தம்பி?" என்றால் இல்லை என்கிறான். பை நிறைந்ததே அவனுக்குத் தெரியவில்லை! நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

டாக்டர் கோட்டைக் காட்டியே விளக்கினார். கருவிலிருந்தே அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் பையின் சுவர் தடித்துப்போயிருக்கிறது. அடைப்பை எடுத்தாலும் சுவர் பழையபடி இளகிவிடாது. அந்த அழுத்தம் நீடித்தால் கிட்னி கெடும். கிட்னி ஏற்கெனவே பழுதானதால் மூத்திரத்தைச் சுண்டவைக்காமல் நிறையத் தள்ளுகிறது. பையும் சீக்கிரம் நிரம்புகிறது. பையைத் தளர்த்த ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தார். இரண்டு மணிக்கொரு தரம் போகணும். போய்விட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி போகணும். இதில் அடங்காவிட்டால் டியூப் விட்டு மூத்திரத்தை எடுக்கப் பழக்குவார்களாம்.

கட்டணம் 3,500 ரூபாய். ரிப்போர்ட்டோடு அந்தக் கோட்டுப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். நான் அப்பத்தாவிடம் காட்டினேன். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "ரெண்டாந்தரம் போனியாய்யா?" என்று கேட்பது அவர்கள்தான்.

போகிறவர்கள் அன்றைய முதல் ஆளாக நேரம் கேளுங்கள். மாற்று டவுசர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.