சுங்கை சிப்புட் தியான வகுப்பு: இடப்பக்கம் நாடி, வலப்பக்கம் மனசு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் புதன்கிழமை மாலை நடக்கும் தியான வகுப்புக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: தாராளமாகப் போகலாம். மாதக் கட்டணம் 30 வெள்ளி (ரிங்கிட்). நடத்துபவர் இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் சார்தான்.

முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகம் கேட்பார். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட வேண்டும். இடப்பக்கம் நாடித்துடிப்பு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. வலப்பக்கம் உள்ளே நடந்தது: என்ன நினைப்பு வந்தது, எந்தப் பயம் எட்டிப் பார்த்தது, சாமி நினைவு வந்ததா, வெறும் தூக்கம்தானா. இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அடிக்கக் கூடாது. இந்த விதிக்காகவே நான் விடாமல் போகிறேன்.

ஒரு வாரம் எல்லாரையும் மணிக்கட்டில் விரல் வைக்கச் சொன்னார். மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரைவாகத் தட்டுகிறது, மெதுவாக விடும்போது தளர்கிறது. மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு இதயத்துக்குப் போடும் பிடி இறுகுவதால் அப்படி என்றார். வயதாக ஆக இந்த வித்தியாசம் குறையுமாம். எனக்கு லேசாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையனின் கையைத் தொட்டால் தெளிவாகவே தெரிந்தது. முப்பது வருடம் பால்மரம் சீவிய ஓர் அக்கா கேட்டார்: "சார், என் மனசு அமைதியா இருந்துச்சுன்னு இந்த நாடிக்குத் தெரியுமா?" சார் சொன்னார்: "தெரியாதும்மா. உடம்பு அடங்கினதை அது சொல்லும். மனசைப் பத்தி நீங்கதான் எழுதணும்."

நான் ரப்பர் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். ரப்பர் பாலில் மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. தோட்டத்துப் பாலில் பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும். அந்த எண்ணை இன்றும் மதிக்கிறேன், அதில் ஏமாற்று கிடையாது. ஆனால் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்ற பெண்ணின் மனதில் ஓடியது அந்த எண்ணில் வராது. அதைத் தெரிந்துகொள்ள அவரிடம்தான் கேட்க வேண்டும்.

சார் சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கருடையது. இளம் வயதில் ராணுவத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அதே நாளில், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரில் இருந்த அக்கா பதறியதால் வீட்டிலிருந்து தந்தி வந்தது. மனதிலிருந்து மனதுக்கு ஏதோ போகிறதா என்று தேடப் புறப்பட்டவர், 1924இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். கண்ணை மூடினால் எழும் ஆல்பா அலையைக் கண்டவரும் அவர்தான். தேடிய தொலை உணர்வு கிடைக்கவில்லை. இன்று வலிப்பு நோயாளிகளுக்கு எடுக்கும் இ.இ.ஜி. என்ற மூளை அலைப் பதிவு கிடைத்தது. உள்ளே எழுந்த கேள்விதான் அந்தக் கருவியைக் கொண்டுவந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

குறையும் உண்டு. ஒருமுறை வெளியிலிருந்து வந்த பேச்சாளர், குவாண்டம் இயற்பியல் ஆன்மாவை நிரூபித்துவிட்டது என்று ஒரு மணி நேரம் முழங்கினார். அப்படி எந்த நிரூபணமும் இல்லை. ஆன்மாவை நம்புகிறவள் நான், அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. நம் பெரியவர்கள் உட்கார்ந்து தேடிக் கண்டதற்கு எலக்ட்ரானிடம் போய் ஏன் சான்றிதழ் வாங்க வேண்டும்? அடுத்த வாரம் சார் பொறுமையாகத் திருத்தினார். ஆனாலும் அந்தப் பேச்சாளரை அழைத்திருக்கக் கூடாது.

அப்புறம் மூச்சுப் பயிற்சி. திருமந்திரம் சொல்லும் கணக்கைச் சார் விளக்குவார்: மூச்சை இழுக்க 16 மாத்திரை, அடக்க 64, விட 32. ஆனால் புதியவர்களை மூச்சை அடக்க விடமாட்டார். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, முதல் நாளே சாரிடமும் சொல்லிவிடுங்கள்.

மண்டபத்தில் கொசு அதிகம், நாற்காலி குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள் கொஞ்சம் முன்னாடியே வந்து இடம் பிடித்துக்கொள்வது நல்லது.