கியர் ஆயில் ஊற்ற எது தோது: சிரிஞ்சா, கைப்பம்பா, புனலும் குழாயுமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் சமதளமான முற்றம் உள்ள வீடு கிடைப்பது அரிது. எங்கள் தெருவே ஒரு சரிவுதான். அதனால் கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா என்று யார் கேட்டாலும், வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். என் வண்டியின் கியர் பெட்டியில் ஆயில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. ஊற்றும் துளையின் கீழ் விளிம்புதான் அளவு. வண்டி சாய்ந்து நின்றாலோ, முன்பக்கத்தை மட்டும் ஜாக்கில் தூக்கியிருந்தாலோ அந்த அளவை நம்ப முடியாது. நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தூக்கினால் நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

என்னுடையது டொயோட்டா டாஸ். டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டனில் செய்த வண்டி. தயாரிப்பு 2006-இல் நின்றுவிட்டாலும் எங்கள் பக்கத்தில் இன்னும் நிறைய ஓடுகிறது. கியர் பெட்டி ஏறத்தாழ 2 லிட்டர் கேட்கும். பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இருக்கிறது. இந்த இரண்டு வண்டிகளிலும் மூன்று வழிகளைச் செய்து பார்த்துவிட்டோம்.

முதலில் சிரிஞ்ச். விலை குறைவு, இடமும் அடைக்காது. ஆனால் 200 மி.லி. சிரிஞ்சில் 2 லிட்டர் என்றால் பத்து முறை உறிஞ்சிப் பத்து முறை தள்ள வேண்டும். கியர் ஆயில் தடிப்பானது. உறிஞ்சும்போது பிஸ்டன் பின்னால் இழுக்கும், தள்ளும்போது குழாய் நழுவும். ஐந்தாவது முறைக்குள் கை முழுக்க ஆயில் ஆகிவிடும், அதற்குமேல் பிடி நிற்காது. கொஞ்சம் குறைந்திருக்கிறது, 100 மி.லி. சேர்த்தால் போதும் என்கிற வேலைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. முழுதாக நிரப்ப நான் சிரிஞ்சை எடுக்கமாட்டேன்.

கைப்பம்பு ஆயில் கேனின் வாயில் திருகிக்கொள்ளும். அழுத்த அழுத்தக் குழாய் வழியே ஆயில் போகும். ஹைலக்ஸுக்கு இதுதான் சரி. அதில் கியர் பெட்டி வண்டியின் நீளவாக்கில், கேபினுக்கு அடியில் கிடக்கிறது. மேலிருந்து குழாய் விட வசதியான வழி இல்லை, ஆயிலைக் கீழிருந்துதான் ஏற்ற வேண்டும். குறை என்னவென்றால், ஒவ்வொரு அழுத்துக்கும் குழாயின் நுனி துள்ளி வெளியே வரப் பார்க்கும். ஒருவர் நுனியைப் பிடிக்க, இன்னொருவர் பம்பு அடிக்க வேண்டும். கேனின் அடியில் பம்புக்கு எட்டாமல் கொஞ்சம் தங்கியும்விடும். ஒரு லிட்டர் பாட்டில்களாக வாங்கினால் பம்பு பொருந்துமா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

டாஸுக்கு நான் இப்போது புனலும் குழாயும்தான். பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கு ஓரமாக ஒன்றரை மீட்டர் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை இறக்கி, நுனியை ஊற்றும் துளைக்குள் விட்டு, மேல்முனையில் புனலைச் செருகிக் கம்பியால் கட்டிவிடுவேன். எக்ஸாஸ்ட் ஆறியிருக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் உருகும். பிறகு ஊற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் வேலை. பம்பு அடிக்க வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். ஆயில் குழாயில் தேன் மாதிரி இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

இதில் குழாயின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. உள்விட்டம் 8 மி.மீ. குழாயை 10 மி.மீ. ஆக மாற்றினால், அதே உயரத்தில் ஆயில் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக இறங்கும். தடித்த திரவத்தின் ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால் 2 மி.மீ. வித்தியாசம் அவ்வளவு செய்கிறது. அதற்காகத் துளையை இறுக்கி அடைக்கும் அளவுக்குப் பெரிய குழாயும் கூடாது. நிரம்பிய ஆயில் ஓரமாக வழிந்தால்தான் நிறுத்த வேண்டிய நேரம் தெரியும். வழிவது மெலிந்து சொட்டாக நின்றதும் மூடலாம்.

குளிர் இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் மாற்றும். ஜூலை இங்கே குளிர்காலம். டர்பனில் ஜூலைப் பகலில்கூட ஆயில் ஓடும். 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் அதே மாதத்துக் காலையில் பாட்டிலைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டு ஊற்றுங்கள். வைக்காவிட்டால் குழாய் பொறுமையைச் சோதிக்கும், சிரிஞ்ச் மணிக்கட்டை முறிக்கும்.

எந்த வழி என்றாலும் ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றிவிடுங்கள். வடிகால் போல்ட் அதற்குப் பிறகுதான். முதல் தடவை நான் கீழே வடித்துவிட்டு மேலே கைவைத்தேன். போல்ட் அசையவில்லை, ஸ்பேனர் வழுக்கி முனைகள் மழுங்கின. ஆயில் இல்லாத பெட்டியோடு வண்டி இரண்டு நாள் முற்றத்தில் கிடந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "மேலே இருக்கிறதை முதல்ல தொறந்தியா தம்பி?" என்றார். அவருடைய ஆறு முனை சாக்கெட்டும் ஒரு நீளமான இரும்புக் குழாயும்தான் அதைக் கழற்றின.

ஆயில் விஷயத்தில் கையேடு சொல்வதையே வாங்குங்கள். ஜி.எல் என்பது கியர் ஆயிலின் தர வகை. ஜி.எல்-4 கேட்கிற பெட்டியில் 'இது அதைவிட உயர்ந்தது' என்று கடைக்காரர் தரும் ஜி.எல்-5-ஐ ஊற்றாதீர்கள். அதில் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் கூடுதல். சில வகைகள் பித்தளை சின்க்ரோ வளையங்களை, அதாவது கியர் மாற்றும்போது சுழலும் வேகத்தைச் சமன்செய்யும் வளையங்களை, அரிக்கும். கியர் விழுவதும் கரடுமுரடாகும்.

வடித்த ஆயிலைக் கொட்டுவதற்கு முன் வெயிலில் ஒரு தட்டில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை தேய்மானம், அது இருக்கத்தான் செய்யும். தங்கத் தூள்போல மினுங்கினால் அது சின்க்ரோ வளையத்தின் பித்தளை. விரலில் உறுத்தும் இரும்புச் சில்லு கிடந்தால் புது ஆயில் ஊற்றி முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள், பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தபின் மூடிபோட்ட கேனில் அடைத்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். எங்கள் சரிவுத் தெருவில் வடிகாலில் ஊற்றினால் அடுத்த மழைக்கு நேராக ஆற்றில் போய்ச் சேரும்.