எங்கள் கிவிப் பந்தல்: ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு

நியூசிலாந்தின் தௌரங்கா நகரில், எங்கள் வீட்டுக் கொல்லையில் 2015 ஆகஸ்டில் இரண்டு கிவிக் கொடிகளை நட்டோம். ஒன்று 'ஹேவர்ட்' என்னும் பெண் கொடி, மற்றது அதற்கு இணையான ஆண் கொடி என்று சொல்லித்தான் நாற்றுப் பண்ணையில் சீட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். இளங்கொடியின் வாசத்துக்குப் பூனைகள் மயங்கி வந்து தண்டில் உரசிப் புரண்டதால், முதல் ஆண்டு முழுவதும் கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்தே அவற்றை வளர்க்க நேர்ந்தது.

2018 நவம்பரில் இரண்டு கொடிகளும் பூத்துக் குலுங்கின. ஆனால் சூம்பிப்போன நாலைந்து காய்களைத் தவிர வேறெதுவும் தங்கவில்லை. மறு ஆண்டும் அதே கதைதான் என்பதால், ஒவ்வொரு கொடியிலும் ஒரு பூவைப் பறித்துப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து பார்த்தேன். இரண்டிலுமே அடியில் குருத்து மயிர் போர்த்திய சூலகமும், அதன் உச்சியில் சிலந்திக் கால்களைப்போல் விரிந்த வெள்ளைச் சூல்முடிகளும் இருந்தன. பெண் பூவிலும் மஞ்சள் மகரந்தப் பைகள் உண்டு என்பதும், அந்த மகரந்தத்துக்கு முளைக்கும் திறன் கிடையாது என்பதும் தெரியாமல், சீட்டை நம்பி நான்கு ஆண்டுகளை வீணாக்கியிருந்தேன்.

நண்பர் தோட்டத்து ஆண் கிளையை வாங்கி ஒட்டுக் கட்டியிருக்கலாம். ஆனால் 2010 நவம்பரில் பக்கத்துத் தே புக்கேயில் கண்டறியப்பட்ட பிஎஸ்ஏ பாக்டீரியா நோய் எத்தனை தோட்டங்களை அழித்தது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே 2020இல் புதிதாக ஓர் ஆண் கொடியையே வாங்கி நட்டேன். அது பூத்தது 2023 நவம்பரில்தான். கிவிப் பூவில் தேன் சுரப்பதில்லை என்பதால் தேனீக்களை மட்டும் நம்பியிராமல், காலை நேரத்தில் ஓர் ஆண் பூவைப் பறித்து நாலைந்து பெண் பூக்களின் மீது தேய்த்துவிட்டேன்.

உண்மையான உழைப்பு கவாத்தில்தான் இருக்கிறது. கடந்த ஆண்டுக் கிளையிலிருந்து வெடிக்கும் புதுத் தளிரில்தான் காய் பிடிக்கும் என்பதால், எல்லாவற்றையும் ஒட்ட வெட்டினால் அடுத்த பருவத்தில் ஒன்றும் மிஞ்சாது. ஓராண்டு சோம்பலில் செப்டம்பர் இறுதிவரை தள்ளிப்போட்டேன். வெட்டிய இடங்களிலெல்லாம் பல நாட்கள் சாறு சொட்டிக்கொண்டே இருந்தது.

2024 மே மாதத்தில் முதல் நல்ல அறுவடை கிடைத்தது. கல்லைப்போல இருந்த காய்களை ஆப்பிளோடு காகிதப் பையில் போட்டுப் பழுக்க வைத்தோம். பாலில் அடித்தால் சற்று நேரத்தில் கசந்துவிடும் என்பதையும் அப்போதுதான் அறிந்துகொண்டோம். ஆண் என்று வந்து ஏமாற்றிய கொடியை வெட்டிவிடலாமா என்று வீட்டில் ஒருமுறை பேச்சு வந்தது. இப்போது பந்தலில் அதிகம் காய்ப்பது அதுதான்.