ராமேஸ்வரமா, வர்கலாவா, கோகர்ணமா? கடலில் இறங்குபவருக்கு ஒரு கணக்கு, கரையில் உட்காருபவருக்கு வேறு கணக்கு

ராமேஸ்வரம் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிற ஊர், கேரளத்து வர்கலா நண்பர்களோடு போகிற ஊர். இப்படி ஒரு பாகப்பிரிவினையை நாம் எப்போதோ செய்து வைத்துவிட்டோம். கடலில் இறங்கித் துடுப்புப் போட வேண்டும், முகமூடி மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்கூட டிக்கெட் போடுவது வர்கலாவுக்குத்தான். என்னைக் கேட்டால் இந்தப் பிரிவினை தலைகீழாக இருக்கிறது. தண்ணீரில் விளையாட பாம்பன் பக்கம்தான் சரி. வர்கலா பார்ப்பதற்கும் சும்மா இருப்பதற்கும் ஏற்ற ஊர். இரண்டும் வேண்டாம், கால் வலிக்க நடக்கணும் என்பவருக்குக் கர்நாடகக் கரையில் இருக்கும் கோகர்ணம்.

ஊரை முடிவு செய்வதற்கு முன் மாதத்தை முடிவு செய்யுங்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையைப் போட்டுத் தாக்கும். அந்த மாதங்களில் வர்கலாவில் கடல் ஏறி வந்து மணலையே விழுங்கிவிடும், கோகர்ணத்தில் படகு ஓடாது, பாறைப் பாதைகள் வழுக்கும். அதே மாதங்களில் ராமநாதபுரம் மாவட்டம் மழை மறைவில் காய்ந்து கிடக்கும். மழை இருக்காது, காற்று மட்டும் விடாமல் அடிக்கும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை கதை மாறும். வடகிழக்குப் பருவமழையும் புயல் சின்னங்களும் நம் பக்கம் வந்துவிடும், மேற்குக் கரை மெல்ல வெளுக்கத் தொடங்கும். ஆக, ஜூலையில் லீவு கிடைத்தவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, பாம்பனுக்குப் போகலாம். நவம்பரில் கிடைத்தால் மேற்கே போகலாம். மூன்று ஊரும் நிஜமாகப் போட்டி போடுவது ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான்.

பாம்பன் தீவு: ஒரு ஊர், இரண்டு கடல்

ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவின் பெரிய சொத்து அதன் வடிவம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். தனுஷ்கோடிப் பக்கம் போகப் போக நிலம் மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் ரோடும் இரண்டு பக்கமும் கல் அடுக்கிய கரையும் மட்டும்தான் மிஞ்சும். காற்று தென்மேற்கிலிருந்து வந்தால் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கே தண்ணீர் படுத்துக் கிடக்கும். வாடைக்காற்று காலத்தில் அப்படியே மாறும். ஒரு பக்கம் சரியில்லை என்றால் வண்டியைத் திருப்பி மறுபக்கம் போய்விடலாம். இந்த வசதி வர்கலாவிலும் கிடையாது, கோகர்ணத்திலும் கிடையாது. அங்கெல்லாம் இருப்பது ஒரே கடல், அது முரண்டு பிடித்தால் அன்றைய நாள் காபி கடையோடு முடிந்தது.

பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் பாயும் கைட் சர்ஃபிங் ஆட்கள் இந்தத் தீவைத் தேடி வருவது இதனால்தான். அவர்களுக்கு வேண்டியது விடாத காற்றும் அலையில்லாத தண்ணீரும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் நம் நாட்டில் அதிகம் இல்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளும் விஷயம் அல்ல. முதலில் கரையில் நின்று பட்டத்தை ஆளப் பழகவே நேரம் பிடிக்கும். வார இறுதிக்கு மட்டும் போகிறவர்கள் இதில் பணத்தைப் போடாமல் கயாக்கிங் பக்கம் போவது நல்லது.

கயாக்கிங்குக்கு நான் சொல்வது ராமேஸ்வரம் ஊருக்குள் அல்ல. ராமநாதபுரத்திலிருந்து வரும் வழியில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் பிரப்பன்வலசை என்று ஒரு கடற்கரைக் கிராமம் இருக்கிறது. பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல். இங்கே கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. காலையில் காற்று எழும்புவதற்கு முன் படகில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் அடியில் கடல்புல் சாய்ந்து சாய்ந்து எழும், நட்சத்திர மீன் ஒன்று மணலில் ஒட்டிக் கிடக்கும், துடுப்பின் நிழல் விழுந்தால் நண்டு குழிக்குள் ஓடும். பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பினால் தண்ணீர் கலங்கி இதெல்லாம் மறைந்துவிடும். அதனால் சோம்பேறிகளுக்கு இந்தக் கடல் எதையும் காட்டாது. நீச்சல் தெரியாதவர்கள்கூட லைஃப் ஜாக்கெட்டோடு தைரியமாக இறங்கலாம் என்று நான் சொல்லக்கூடிய கடல் இந்த மூன்றில் இது ஒன்றுதான்.

இன்னும் வடக்கே, தொண்டிக்கு அருகே காரங்காட்டில், வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறார்கள். பிச்சாவரத்தின் கூட்டத்தைப் பார்த்து அலுத்தவர்களுக்கு இது பிடிக்கும். தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. 1986இல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள். எல்லாத் தீவிலும் கால் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அனுமதி உள்ள குருசடைத் தீவுக்குப் போவதென்றால் கடலின் மனநிலையையும் வனத்துறையின் அனுமதியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பவளப்பாறையைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அடக்கி வைப்பது நல்லது. 2016இல் கடல் சூடேறியபோது இங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. மீன்கள் உண்டு, உயிருள்ள பவளமும் உண்டு, ஆனால் இணையத்தில் பார்க்கும் அந்தமான் படங்களை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். பாறையில் மட்டும் தயவுசெய்து ஏறி நிற்காதீர்கள்.

பார்க்கும் கணக்கில் தனுஷ்கோடி தனி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரும் போனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் போனது. பவளக்கல் வைத்துக் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அந்தச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் துளைகள் அப்படியே தெரியும். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு மணலில் குலுங்கிக்கொண்டே போன வேன் சவாரி முடிந்துவிட்டது. வசதி வந்தது, கூட்டமும் கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனையில் காரைத் திருப்புவதே ஒரு சாகசம். விடிந்ததும் சாலையைத் திறந்தவுடன் போய்விடுங்கள். மாலை இருட்டுவதற்கு முன் போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். குளிக்கிற இடம் அல்ல அது. இரண்டு கடலின் நீரோட்டமும் அங்கே சேர்கின்றன, கால் வழுகினால் அவ்வளவுதான். ஒதுங்க மரநிழல் கிடையாது, எனவே தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

பாம்பன் பாலத்தைத் தனியாகப் புகழ வேண்டியதில்லை. 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்று, மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்கும் நிலை வந்தது. 2025 ஏப்ரலில் செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் திறந்தபின் ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தால் வரம்.

வர்கலா: மேலே இருந்தபடி கடலைப் பார்ப்பது

வர்கலாவின் பெருமை அந்தச் செம்மண் குன்று. கேரளக் கரையில் இப்படிக் கடலை ஒட்டி எழும் குன்றுகள் அபூர்வம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைப் புவியியல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மேலே சிவந்த செம்பாறை, அடியில் மணற்கல்லும் வெளிறிய களிமண்ணும் அடுக்கடுக்காக. கீழே கடற்கரையில் நின்று பார்த்தால் அடுக்குகள் கோடு போட்டதுபோல் தெரியும். மழைநீர் மேலிருந்து இறங்கி, களிமண்ணில் தடுத்து, பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. ஊற்று அழகுதான், ஆனால் குன்று சரிவதற்கும் அந்தக் கசிவு ஒரு காரணம். விளிம்பில் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மேலே நடைபாதையின் ஒரு பக்கம் கடைகள், மறுபக்கம் நேராகக் கடல். பல இடங்களில் தடுப்பும் கிடையாது.

சாகசம் என்று இங்கே விற்கப்படுவதில் எனக்குப் பாதிதான் நம்பிக்கை. பாராகிளைடிங் உண்டு. குன்றிலிருந்து கிளம்பி, கடல்காற்றில் மிதந்து, கீழே நுரையின் கோட்டைப் பார்ப்பது நிஜமாகவே நல்ல அனுபவம். ஆனால் 2023 மார்ச்சில் ஒரு பாராகிளைடர் உயர்கோபுர விளக்குக் கம்பத்தில் மாட்டி, பயிற்சியாளரும் பயணியும் அந்தரத்தில் தொங்கினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் மிதவைப் பாலத்திலிருந்து சுற்றுலாப் பயணிகள் கடலில் விழுந்து காயம்பட்டார்கள். காற்று சரியில்லை என்று பறக்க மறுக்கும் ஆளிடம் மட்டும் பறங்கள். ‘இப்பவே ஏறுங்க சார்’ என்று அவசரப்படுத்துபவரை விட்டு விலகுங்கள்.

கடலில் குளிப்பதும் பாம்பன்போல் இல்லை. அலை பலமானது, இழுப்பு அதைவிடப் பலமானது. சிவப்புக் கொடி இருந்தால் மணலோடு நின்றுவிட வேண்டும். அந்த அலைதான் அலைச்சறுக்கு கற்பவர்களுக்கு வேண்டியது. வடக்கே எடவா பக்கம் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அலைச்சறுக்கு ஒன்றுக்காகவே சென்னையிலிருந்து வர்கலா போகிறேன் என்பவரிடம் நான் கேட்பது இதுதான்: சென்னைக்குப் பக்கத்துக் கோவளமும் மாமல்லபுரமும் வாசலில் இருக்கும்போது எதற்கு ராத்திரி முழுக்க ரயில்? 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில்தான் நடந்தது.

அப்படியானால் வர்கலாவுக்கு ஏன் போக வேண்டும்? மாலைக்காகப் போக வேண்டும். மேற்குப் பார்த்த குன்றின் மேல் நாற்காலி போட்டு, ஒரு கட்டன் சாயாவோடு சூரியன் இறங்குவதைப் பார்ப்பதற்கு இந்தப் பட்டியலில் போட்டியே கிடையாது. மறுநாள் காலை வடக்குக் குன்றிலிருந்து ஓடயம் வழியாக எடவா வரை கடலோரமாக நடங்கள், முடிந்தால் காப்பில் வரை. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், நடுவில் சாலை. தெற்கே அஞ்சுதெங்கில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை. ஊருக்குள் நாராயண குரு 1928இல் சமாதியான சிவகிரி. அவசரமில்லாமல் இரண்டு நாளை நிரப்ப இது போதும்.

கோகர்ணம்

சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். குட்லேயில் தொடங்கி ஓம் கடற்கரை, ஹாஃப் மூன், பாரடைஸ் என்று குன்றேறி இறங்கி நடப்பது. ஒவ்வொரு மேட்டையும் ஏறி முடித்ததும் அடுத்த கடற்கரை கீழே திடீரெனத் திறக்கும். ஓம் வரை யாரும் நடக்கலாம். அதற்கப்புறம் பாறை, சறுக்கல், முள். செருப்போடு போனால் திண்டாட்டம்தான். திரும்பி வர முடியாவிட்டால் படகு கிடைக்கும், பேரம் பேச வேண்டும். ஸ்கூபா டைவிங் உங்கள் ஆசை என்றால் தெற்கே முருடேஷ்வர் போய், அங்கிருந்து படகில் நேத்ராணித் தீவு. தமிழ்நாட்டுக்கு எட்டும் தொலைவில் நல்ல டைவிங் வேண்டுபவர்களுக்கு நேத்ராணியைத்தான் சொல்வேன். ஒரே குறை, நம் ஊரிலிருந்து போய்ச் சேருவது. மங்களூரு போய் கொங்கண் ரயில் மாற வேண்டும், அல்லது பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்து. மூன்று நாள் லீவில் ஒன்றரை நாள் பயணத்திலேயே கரைந்துவிடும்.

யாரோடு, எப்படி

சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் பாக் நீரிணை. தாத்தா பாட்டியும் சேர்ந்து வந்தால் அவர்கள் கோயிலில் 22 தீர்த்தம் ஆடும் நேரத்தில் நீங்கள் கயாக் போய் வந்துவிடலாம். இரண்டு தலைமுறையும் சண்டையில்லாமல் திரும்பும் ஒரே ஊர் இதுதான். வர்கலாவில் கடற்கரைக்கு இறங்கும் படிகள் முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரிய சோதனை. புதிதாகக் கல்யாணமானவர்களும், தனியாகப் புத்தகத்தோடு போகிறவர்களும் வர்கலாவை விட்டுவிடாதீர்கள். சென்னையிலிருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸ் நேராக வர்கலா சிவகிரி ஸ்டேஷனில் இறக்கிவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குப் பாரபட்சம் உண்டு. வர்கலா குன்றின் மேல் உலகத்து உணவெல்லாம் கிடைக்கும், ஒன்றுகூட மனதில் நிற்காது. தனுஷ்கோடியில் ஓலைக் குடிசையில் அக்கா ஒருவர் மசாலா தடவிப் பொரித்துத் தரும் மீன் அப்படியல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். விலை கூடுதலாகத்தான் இருக்கும், என்ன மீன் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

ராமேஸ்வரம் என்று முடிவு செய்துவிட்டால் அறை போடுவதற்கு முன் காலண்டரில் அமாவாசை எப்போது என்று பாருங்கள். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளை ஒட்டிய நாட்களில் ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது, அறை வாடகையும் எகிறிவிடும். அந்தத் தேதியில்தான் லீவு என்றால் ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ தங்கிக்கொண்டு, பிரப்பன்வலசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.