பாதிப் பேர் கடலுக்கடியில், பாதிப் பேர் கரையில்: குராசோவா, பொனெய்ரா, கோசுமெலா?

எங்கள் வீட்டில் ஸ்கூபா டைவிங் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் என் தம்பியும். அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி. என் கணவருக்கு நீச்சல் வரும், ஆனால் முகமூடி மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் விட்டாலே மூச்சு முட்டும். பெரியவளுக்கு 11, சின்னவனுக்கு 7. இந்த ஆறு பேரும் ஒரே தீவுக்குப் போய், யாரும் யாருக்காகவும் காத்துக் கிடக்காமல் திரும்ப வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த கணக்கு. போன ஜூலையில் கரீபியன் கடலில் இருக்கும் குராசோ தீவுக்குப் போய் ஒன்பது இரவு தங்கிவிட்டு வந்தோம். அதற்கு முன் அதே கடலில் இருக்கும் பொனெய்ர், கோசுமெல், கிராண்ட் கேமன் தீவுகள் மூன்றையும் வைத்து இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் அனுபவம் எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோசுமெலுக்கு ஆறு வருடம் முன்பு போனது. அப்போது பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவன் கைக்குழந்தை. பொனெய்ருக்குத் தம்பியும் அவன் மனைவியும் நானும் மட்டும் ஒரு வாரம் போனோம், மூன்று பேருமே டைவ் அடிப்பவர்கள். கிராண்ட் கேமனில் கப்பல் பயணத்தின்போது ஒரே ஒரு பகல் இறங்கியதுதான். அதனால் குராசோ பற்றி உறுதியாகவும், கேமன் பற்றிக் கொஞ்சம் தயங்கியும் எழுதுவேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை நீட்ட வேண்டாம். நான்கு தீவிலும் தண்ணீர் வெதுவெதுப்பானது, தெளிவானது. நான்கிலும் நல்ல டைவ் கடைகள் இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து நான்குக்கும் விமானம் உண்டு; கேமனும் கோசுமெலும் கிட்டே, மற்ற இரண்டும் தென் அமெரிக்கக் கரையோரம் என்பதால் தூரம். மயாமியிலிருந்து குராசோவுக்குச் சுமார் மூன்று மணி நேரம். அம்மா மாதிரி இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவர்கள் இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன் அந்தந்த நாட்டு விசா விதியைப் பாருங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை; கோசுமெலுக்கு அது ஒரு வசதி.

புயலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஜூனிலும் ஜூலையிலும்தான் வருகிறது. அட்லாண்டிக் புயல் பருவமோ ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2024 ஜூலைத் தொடக்கத்திலேயே பெரில் புயல் ஜமைக்காவை உரசி, கேமன் தீவுகளுக்குப் பக்கமாகப் போய், மெக்சிகோவில் டுலும் அருகே கரையேறியது. குராசோவும் பொனெய்ரும் 12 டிகிரி அட்சரேகையில், புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. புயலே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது, ஆனாலும் கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் இந்த இரண்டும் ஒரு படி மேல்.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். டைவ் அடிப்பவர் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் ஐம்பது நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி. ஆனால் குடும்பத்தை விட்டு விலகியிருக்கும் நேரம் எவ்வளவு? இதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை, கோசுமெல் கற்றுக்கொடுக்கும் வரை.

கோசுமெலில் பேர் பெற்ற இடங்களான பலான்கார், சாண்டா ரோசா சுவர் (சுவர் என்றால் கடலடியில் செங்குத்தாக இறங்கும் பவளச் சரிவு), கொலம்பியா எல்லாமே தென்மேற்குக் கரையோரம், படகில் போக வேண்டியவை. நீரோட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். படகு மேலே குமிழிகளைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரும். அந்த மிதப்புக்கு ஈடாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் காலை 7:45க்குப் படகுத்துறையில் நிற்க வேண்டும், இரண்டு டேங்க், அதாவது இரண்டு டைவ், முடித்துத் திரும்பப் பகல் 1 மணி ஆகிவிடும். குளித்துச் சாப்பிட்டால் கண் சொருகும். ஐந்து நாள் டைவ் என்றால் பகலில் 25 மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. நான்காம் நாள் படகின் எஞ்சின் மக்கர் செய்து நாங்கள் திரும்பும்போது மணி மூன்று. என் கணவர் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பெரியவளுமாக ஓட்டல் வாசலில் நின்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

டைவ் அடிக்காதவர்களுக்குக் கோசுமெலில் பொழுது போகாது என்று சொல்லவில்லை. கடற்கரை கிளப்புகள் இருக்கின்றன, சான் ஹெர்வாசியோவில் மாயன் இடிபாடுகள் இருக்கின்றன, பிளாயா டெல் கார்மெனுக்கு முக்கால் மணி ஃபெர்ரி. வளர்ந்தவர்கள் அவரவர் வழியில் போய்விட்டு மாலையில் கூடிக்கொள்ளும் குழு என்றால் கோசுமெல் அருமை. சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு அந்தப் படகு நேரம் இடிக்கிறது.

பொனெய்ரில் படகு நேரம் என்ற பேச்சே இல்லை. தீவைச் சுற்றிய கடல் முழுவதும் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. சாலையோரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும்; பிக்கப் வண்டியை ஓரம் கட்டி, டேங்கை மாட்டி, நடந்தே கடலில் இறங்கிவிடலாம். விடிகாலையில் ஒன்று, அந்தி சாயும்போது ஒன்று, யாரையும் கேட்க வேண்டியதில்லை. உப்பு ஏற்றும் கப்பல் துறையின் தூண்களுக்கு நடுவே நீந்திய அந்த ஒரு மணி நேரத்தைத் தம்பி இன்னும் பேசுவான். "அக்கா, திரும்பப் பொனெய்ருக்கே போகலாம்" என்று கடைசி வரை அடம்பிடித்தவனும் அவன்தான்.

நான் மறுத்ததற்குக் காரணம் அம்மாவின் மூட்டு. பொனெய்ரின் மேற்குக் கரை பெரும்பாலும் உடைந்த பவளக் கல். கால் வழுக்கும், தடிமனான பூட்ஸ் இல்லாமல் நிற்க முடியாது. நிழல் குறைவு, கழிப்பறை பல இடங்களில் கிடையாது. பிள்ளைகள் விளையாடத் தோதான ஆழமில்லாத மணல் தண்ணீர் லாக் விரிகுடாவில் சோரோபோன் பக்கம் இருக்கிறது, பாய்மரப் பலகையில் சறுக்கும் விண்ட்சர்ஃபிங்காரர்களின் சொர்க்கம் அது. ஆனால் அது தீவின் கிழக்குப் பக்கம். டைவ் இடங்கள் மேற்குப் பக்கம். அதாவது நேரம் நம் கையில், ஆனால் கரை இரண்டாகிவிடுகிறது. ஃபிளமிங்கோக்கள், கழுதைகள் காப்பகம், இளஞ்சிவப்பு உப்பளம் எல்லாம் இரண்டு நாளில் பார்த்து முடிந்துவிடும். குழுவில் டைவ் அடிக்காதவர் ஒரே ஒருவர், அவரும் புத்தகமும் காற்றும் போதும் என்கிறவர் என்றால், கண்ணை மூடிக்கொண்டு பொனெய்ர் போங்கள்.

குராசோவில் எனக்குக் கிடைத்தது ஒரே கரை. மேற்குப் பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன வளைகுடாக்கள், பெரும்பாலானவற்றில் மணல் உண்டு, சிலவற்றில் நிழல் கூரையும் சாப்பாட்டுக் கடையும் உண்டு. அதே மணலிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினால் பவளத்திட்டு தொடங்கி ஆழத்துக்குச் சரிகிறது. போர்ட்டோ மாரியில் நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே போனோம். அம்மா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் மணலில். நாங்கள் இருவரும் இறங்கி, அங்கே இருக்கும் இரட்டைத் திட்டில் முதலாவதைத் தாண்டி, நடுவே மணல் பள்ளத்தாக்கைக் கடந்து, இரண்டாவதைத் தொட்டுத் திரும்பினோம். கருவி மாட்டுவது, கழற்றுவது எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள். வந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மதியம் நான் பிள்ளைகளோடு, தம்பி தூங்கினான். கோசுமெலில் இழந்த 25 மணி நேரம் இங்கே எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

இன்னொரு விஷயம், போகும்வரை எனக்கே தோன்றாதது. குராசோவின் கராகஸ் விரிகுடாவில் ஒரு சின்ன இழுவைப் படகு மூழ்கிக் கிடக்கிறது, ஐந்து மீட்டர் ஆழத்தில். பவளமும் கடற்பஞ்சும் மூடிய படகு. பக்கத்திலேயே சுவர் முப்பது மீட்டருக்கு இறங்குகிறது. நாங்கள் சுவரைப் பார்த்துவிட்டுப் படகுக்கு ஏறி வந்தபோது, மேலே லைஃப் ஜாக்கெட்டோடு சின்னவன் மிதந்துகொண்டிருந்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்நார்க்கல் குழாய் வழியாகக் கத்துவது எனக்குக் கீழே கேட்டது. என் கணவர் அன்றுதான் முதல் முறையாக ஒரு நிமிடத்துக்கு மேல் முகத்தைத் தண்ணீரில் வைத்திருந்தார். நான் அனுப்பிய குமிழிகள் அவர்கள் மேல் போய் உடைவதைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக டைவ் அடிக்கிறேன். நான் கடலுக்குள் என்ன செய்கிறேன் என்று என் வீட்டார் பார்த்தது அன்றுதான். (கரை அங்கே கல்லும் பவளத் துண்டுமாக இருக்கும், செருப்போடு இறங்குங்கள். அம்மா பக்கத்துக் கடையில் இருந்துகொண்டாள்.)

பெரியவள் லாகுன் கடற்கரையில் ஒரு பயிற்சியாளரோடு முதல் டைவ் அடித்தாள். பத்து வயது நிரம்பினால் போதும். அந்த வயதில் ஆழ வரம்பு 12 மீட்டர், அவள் ஐந்தாறு மீட்டரைத் தாண்டவில்லை. மீனவர்கள் மீன் கழுவும் பிளாயா பிஸ்காடோவில் கடலாமைகள் இரண்டு முழம் தள்ளி நீந்துவதை அம்மா படகுத்துறை மேடையில் நின்றே பார்த்துவிட்டாள்.

டைவ் தரத்தை மட்டும் எடுத்தால் குராசோ முதலிடம் இல்லை. சுவருக்கும் தெளிவுக்கும் கோசுமெல், சுதந்திரத்துக்குப் பொனெய்ர். தீவும் நீளம்; தலைநகர் வில்லெம்ஸ்டாடிலிருந்து மேற்கு முனைக்குக் கார் முக்கால் மணிக்கு மேல் ஓடும். காருக்குள் எதையும் வைத்துவிட்டு இறங்கக் கூடாது என்பது அங்கும் பொனெய்ரிலும் ஒன்றுதான். எங்களுக்குக் கரையில் எப்போதும் ஆள் இருந்ததால் அந்தக் கவலை இல்லாமல் போயிற்று. மனதை வருத்தியது மூளைப் பவளங்கள். 2014இல் ஃபுளோரிடாவில் முதலில் தெரிந்த கல் பவள நோய் 2018இல் கோசுமெலுக்கும், 2023இல் பொனெய்ருக்கும் குராசோவுக்கும் வந்துவிட்டது. வெள்ளையாகச் செத்துக் கிடப்பதைப் பல இடங்களில் பார்த்தேன். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கருவிகளைக் கொண்டுபோகிறவர்கள் தயவுசெய்து கிருமிநாசினியில் நன்றாக அலசுங்கள்.

கிராண்ட் கேமன் பற்றிக் கொஞ்சம். ஸ்டிங்ரே சிட்டி என்ற மணல் திட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் திருக்கை மீன்கள் காலை உரசிக்கொண்டு போகும். மீனவர்கள் அங்கே மீன் கழுவிப் பழக்கிய வரவு அது. செவன் மைல் பீச் மாதிரி வழவழப்பான மணல் மற்ற மூன்றிலும் இல்லை. முதியவர்களுக்கு மிக வசதியான தீவு இதுதான் என்று அந்த ஒரு பகலிலேயே பட்டது. என்னைத் தடுத்தது செலவு: அவர்களின் டாலர் ஒன்று அமெரிக்க டாலரில் சுமார் 1.20, சாப்பாட்டுக் கடைகளின் விலைப்பட்டியல் பெரும்பாலும் அவர்களின் டாலரில்தான். ஆறு பேர் ஒன்பது இரவு என்று பெருக்கினால் எங்கள் கைக்கு எட்டவில்லை. எட்டுகிறவர்கள் என் தயக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

குராசோ போவதென்றால் தங்குமிடத்தை இரண்டாகப் பிரியுங்கள். நாங்கள் முதல் ஆறு இரவு மேற்கே லாகுன் பக்கம், கடைசி மூன்று இரவு வில்லெம்ஸ்டாடில். பல நாள் தொடர்ந்து டைவ் அடித்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பதால் கடைசி நாள் எப்படியும் தண்ணீர் கிடையாது. அந்த நாளை ஊருக்கு வைத்தோம். 1888இல் கட்டிய மிதவைப் பாலம், கப்பல் வரும்போது அப்படியே ஒருபக்கமாக விலகிப் போகிறது. பிள்ளைகள் அதன் மேல் நின்றபடியே மூன்று முறை போய் வந்தார்கள். பழைய சந்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஃபுஞ்சி என்று மக்காச்சோள மாவில் கிண்டிய ஒன்றைத் தந்தார்கள். அம்மா ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "இது நம்ம சோளக் களிதானே" என்றாள், இன்னொரு தட்டு வாங்கச் சொன்னாள்.